'விஷ் யூ வேர் ஹியர்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்ட் 1975இல் வெளியிட்ட 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தை யாருக்காவது சிபாரிசு செய்தால், கேட்டு முடித்துவிட்டு அவர்கள் திரும்பி வந்து கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான். யார் இந்த சிட்? அட்டையில் அந்த ஆள் நிஜமாகவே எரிகிறாரா? முதல் பாட்டில் எட்டு நிமிடம் தாண்டியும் ஏன் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை? ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதை விட இங்கே மொத்தமாக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

சுருக்கமாகச் சொன்னால், இது எதைப் பற்றிய ஆல்பம்?

இருக்க வேண்டிய ஆள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போவதைப் பற்றி. குழுவை ஆரம்பித்த சிட் பேரட் மனநலம் குலைந்து வெளியேறினார், அவருக்கு நண்பர்கள் செய்த அஞ்சலி இது என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி, இதைப் பதிவு செய்ய ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த நான்கு பேரைப் பற்றியது. உடம்பு அங்கே இருக்கிறது, கையில் வாத்தியம் இருக்கிறது, மனசு மட்டும் எங்கேயோ. பாட்டு எழுதிய ராஜர் வாட்டர்ஸே பேட்டிகளில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டு கேட்டால்தான், நடுவில் ஏன் இசைக் கம்பெனிகளைத் திட்டி இரண்டு பாட்டு வருகிறது, அட்டையில் ஏன் இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள் என்பதெல்லாம் ஒன்றோடொன்று சேரும்.

சிட் பேரட் யார்?

நிஜப் பெயர் ராஜர் கீத் பேரட், ஊர் கேம்பிரிட்ஜ். வாட்டர்ஸும் அதே ஊர், டேவிட் கில்மரும் அதே ஊர், மூவருக்கும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் பெயர்களை ஒட்டவைத்துக் குழுவுக்குப் பெயர் வைத்தவர் சிட்தான். 1967இல் வந்த முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகள் அவர் எழுதியவை. அதே வருடம் வந்த 'சீ எமிலி ப்ளே' என்ற சிங்கிள் இங்கிலாந்தில் பெரிய ஹிட். பாடகர், கிடாரிஸ்ட், பாடலாசிரியர், பார்க்கவும் லட்சணமான ஆள். வெளியே இருந்து பார்த்தவர்களுக்குக் குழு என்றாலே அவர்தான்.

அந்த வருடம் முடிவதற்குள் எல்லாம் தலைகீழ். மேடையில் கிடாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசிக்காமல் சும்மா நிற்பார், எதிரில் இருப்பவரை ஊடுருவிக்கொண்டு வேறெங்கோ பார்ப்பார் என்று கூட இருந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் நண்பர்களே அவரைக் கழற்றிவிட்டார்களா?

ஆமாம், கழற்றிவிட்டார்கள். அதுவும் உட்கார்ந்து பேசி, முடிவெடுத்து, சொல்லி அனுப்பியதெல்லாம் இல்லை. முதலில் கில்மரை ஐந்தாவது ஆளாகச் சேர்த்துப் பார்த்தார்கள், சிட் வாசிக்காத நாளில் அவர் சமாளிப்பார் என்று. அப்புறம் 1968 ஜனவரி கடைசியில் சவுத்தாம்ப்டனில் ஒரு கச்சேரி. வேனில் எல்லோரும் ஏறியாகிவிட்டது, போகிற வழியில் சிட்டை ஏற்றிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கிறார், வேண்டாம் விடு என்கிறார் இன்னொருவர். அவ்வளவுதான். ஏப்ரலில் அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள்.

துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. 1970இல் சிட் இரண்டு தனி ஆல்பங்கள் வெளியிட்டார். முதலாவதை முடித்துக் கொடுக்க வாட்டர்ஸும் கில்மரும் உட்கார்ந்தார்கள், இரண்டாவதற்கு கில்மரும் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டும். ஒரே பாட்டை ஒவ்வொரு முறையும் வேறு தாளக்கட்டில் பாடுகிற ஒருவரோடு ஆல்பம் போடுவது லேசான வேலையில்லை. ராயல்டி பணம் அவருக்குச் சரியாகப் போய்ச் சேர்வதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதாக கில்மர் சொல்லியிருக்கிறார். இவ்வளவு செய்தும் குற்ற உணர்ச்சி போகவில்லை என்பதற்கு இந்த ஆல்பமே சாட்சி.

எல்லாவற்றுக்கும் எல்எஸ்டிதான் காரணமா?

1967இல் அந்தப் போதைமருந்தை அவர் நிறைய எடுத்தார், அது உண்மை. ஆனால் அது மட்டும்தானா, ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்றை அது கிளறிவிட்டதா, புகழின் நெருக்கடியா என்பதில் நண்பர்கள் ஒன்று சொல்வார்கள், குடும்பத்தினர் வேறு சொல்வார்கள். இணையத்தில் ஆளாளுக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டுவதை நம்பாதீர்கள். சிட் கேம்பிரிட்ஜுக்கே திரும்பிப் போய், ஓவியம் வரைந்துகொண்டு, தோட்டத்தைக் கவனித்துக்கொண்டு, பழைய பெயரான ராஜராகவே வாழ்ந்து 2006 ஜூலை 7 அன்று இறந்தார்.

இந்த ஆல்பத்தின் வேலை ஆரம்பித்தபோது குழுவின் நிலைமை என்ன?

வெளியே இருந்து பார்த்தால் உச்சம். 1973 மார்ச்சில் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அப்புறம் 1988 வரை பில்போர்டு என்ற அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மொத்தம் 741 வாரம் இருந்தது. அவர்கள் அத்தனை வருடமும் ஆசைப்பட்டது எல்லாம் ஒரே அடியில் கிடைத்துவிட்டது. இனி என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

முதலில் அவர்கள் இறங்கிய காரியத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். வாத்தியங்களே இல்லாமல், வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்தே ஒரு முழு ஆல்பம்! ரப்பர் பேண்டை இழுத்து மீட்டி பேஸ் கிடார் சத்தம் வரவைப்பது, ஒயின் கிளாஸின் விளிம்பில் ஈர விரலைச் சுற்றி ஓசை எழுப்புவது, பாட்டில்கள், ஸ்ப்ரே டப்பாக்கள். பல வாரம் இதிலேயே போனது. கடைசியில், ரப்பர் பேண்டில் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவருகிற சத்தத்தை பேஸ் கிடாரிலேயே வாசித்துவிடலாமே என்று உறைத்து, தூக்கிப் போட்டார்கள். ஆனால் அந்த ஒயின் கிளாஸ் பதிவு மட்டும் வீணாகவில்லை. 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பம் ஆரம்பிக்கும்போது மெல்லப் பரவி வருகிற ஓசைக்குள் அது இருக்கிறது.

1975 ஜனவரியில் லண்டன் அபி ரோட்டில் இருந்த இஎம்ஐ ஸ்டுடியோவில் உட்கார்ந்தபோது ஒருவருக்கும் உற்சாகம் இல்லை. டிரம்மர் நிக் மேசனின் மணவாழ்க்கை ஆட்டம் கண்டிருந்த நேரம், அவர் கவனம் அங்கே இல்லை. பிரையன் ஹம்ஃப்ரீஸ் என்ற புது என்ஜினியருக்கு அந்த ஸ்டுடியோவின் சாதனங்கள் பழக்கமில்லை. நாள் கணக்கில் உழைத்து எடுத்த ஒரு பதிவு முழுவதிலும் எதிரொலி ஏறிவிட்டது, எடுக்க வழியில்லை, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்கள்.

'ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்' ஏன் இவ்வளவு நீளம்? ஏன் அதை இரண்டாக வெட்டினார்கள்?

மொத்தம் ஒன்பது பகுதி, சுமார் 26 நிமிடம். இதன் விதை நான்கே நான்கு சுரம். ஒத்திகையில் கில்மரின் விரலில் தற்செயலாக வந்து விழுந்தது, அதைக் கேட்டதும் வாட்டர்ஸுக்கு சிட் ஞாபகம் வந்துவிட்டது. ஆல்பத்தை ஓடவிட்டால் நான்காவது நிமிடத்தை ஒட்டி, மற்ற எல்லாம் அடங்கி, கிடார் தனியாக அந்த நான்கு சுரத்தை மட்டும் மீட்டும். பாட்டு ஜி மைனரில் இருக்கிறது. ஜி-யை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் அது க, நி, ஸ, த. நான்கும் கரகரப்பிரியாவில் வருகிற சுரங்களே. அதற்காக இதை ராகம் என்றெல்லாம் இழுக்க வரவில்லை, நம் காதுக்குச் சொல்ல ஒரு வழி அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது வேறு: ஸட்ஜத்தைத் தொட்டுவிட்டு அங்கே உட்காராமல் மேலே தைவதத்துக்குப் போய் அப்படியே நின்றுவிடுகிறது. வீடு வந்து சேராத ஒரு சங்கதி. சிட்டைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக யோசித்துக்கூடப் போட முடியாது.

குரல் வருவதற்கு எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பாட்டின் நாயகனே வராத பாட்டில் வார்த்தை மட்டும் எதற்கு அவசரப்பட வேண்டும்?

வெட்டியது வாட்டர்ஸின் யோசனை. 1974 கச்சேரிகளிலேயே இந்தப் பாட்டையும், கூடவே இன்னும் இரண்டு புதுப் பாட்டுகளையும் வாசித்துவந்தார்கள். அந்த மூன்றையும் அப்படியே பதிவு செய்துவிடலாம் என்பது கில்மரின் கட்சி. வாட்டர்ஸோ, வேண்டாம், இதை இரண்டாக வெட்டி முன்னும் பின்னும் வைப்போம், நடுவில் இப்போது நம் மனநிலை எப்படி இருக்கிறதோ அதைப் பற்றிப் புதிதாக எழுதுகிறேன் என்றார். மூவர் ஒரு பக்கம், கில்மர் மட்டும் தனியாக, தோற்றுப்போனார். எனக்கு கில்மரின் கிடார்தான் உயிர், ஆனாலும் இந்த விஷயத்தில் வாட்டர்ஸ் சொன்னதே சரி. வெட்டாமல் விட்டிருந்தால் இது ஒரு நல்ல அஞ்சலிப் பாட்டோடு நின்றிருக்கும்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது: ஒன்பதாவது பகுதி தேய்ந்து மறைகிற கடைசி விநாடிகளில் ரைட் தன் சின்தசைசரில் 'சீ எமிலி ப்ளே'யின் மெட்டில் ஒரு துளியை வாசிப்பார். ஹெட்போனில், சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள்.

பதிவு நடக்கும்போது சிட் ஸ்டுடியோவுக்கு வந்தார் என்பது கட்டுக்கதையா?

இல்லை, நடந்தது. 1975 ஜூன் 5 என்றுதான் பரவலாகக் குறிப்பிடுகிறார்கள். 'ஷைன் ஆன்' பாட்டின் ஒலிக்கலவை (மிக்ஸிங்) வேலை நடந்துகொண்டிருந்தது. குண்டாக, தலை மழித்து, புருவத்தையும் மழித்துக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஒருவர் உள்ளே வந்து நிற்கிறார். ரைட், இவர் வாட்டர்ஸுக்குத் தெரிந்தவர் போல என்று நினைத்துக்கொண்டார். கில்மர், இஎம்ஐ ஊழியர் யாரோ என்று நினைத்தார். இப்படி ஒவ்வொருவரும் ஒன்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். ஏழெட்டு வருடத்துக்கு முன் தினமும் கூடவே இருந்த ஆளை, அவரைப் பற்றிய பாட்டையே ஓடவிட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்! தெரிந்தபோது வாட்டர்ஸ் அழுதுவிட்டார். பாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, கொஞ்சம் பழசு மாதிரி இருக்கிறது என்று சிட் சொன்னதாக ஒரு தகவல் உண்டு. சிட் அப்புறம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அன்று எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவர் என்னென்ன செய்தார் என்பதில் அங்கே இருந்தவர்களின் நினைவுகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். சிட் வந்ததால் இந்தப் பாட்டு எழுதப்படவில்லை. ஒரு வருடத்துக்கு முன்பே எழுதி மேடையிலும் பாடியாகிவிட்டது. வீடியோக்களில் இந்த வரிசையை மாற்றிப்போட்டுக் கதை கட்டுகிறார்கள்.

நடுவில் வரும் இரண்டு பாட்டுகள் யாரைத் திட்டுகின்றன?

கம்பெனிக்காரர்களை. 'வெல்கம் டு தி மெஷின்' பாட்டில் இயந்திரம் மூச்சுவிடுகிற மாதிரி அடியில் துடித்துக்கொண்டே இருப்பது விசிஎஸ் 3 என்ற சின்தசைசர். கனவோடு வருகிற பையனிடம், உன் கனவையும் நாங்கள்தான் தயாரித்துக் கொடுத்தோம் என்று இயந்திரம் சொல்கிறது. எனக்கு இந்த ஆல்பத்திலேயே பயம் தருவது இதுதான். 'ஹாவ் எ சிகார்' கொஞ்சம் நையாண்டி. சுருட்டை நீட்டி, தோளில் கைபோட்டு, ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டு, ஆமாம், உங்களில் பிங்க் யாரப்பா என்று கேட்கிற அதிகாரி. இந்தக் கேள்வியை நிஜமாகவே அவர்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

'ஹாவ் எ சிகார்' குரல் வேறு மாதிரி இருக்கிறதே, யார் பாடியது?

காது நல்ல காது. பாடியது ராய் ஹார்ப்பர், குழுவைச் சேர்ந்தவர் இல்லை. அதே கட்டடத்தில் பக்கத்து ஸ்டுடியோவில் தன் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். 'ஷைன் ஆன்' பாடிப்பாடி வாட்டர்ஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது, கில்மருக்கு இந்தப் பாட்டைப் பாட இஷ்டமில்லை, ஹார்ப்பர் நான் பாடட்டுமா என்றார். சன்மானமாக லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்துக்கு ஆயுள்கால சீசன் டிக்கெட் கேட்டதாகவும், அது வரவே இல்லை என்றும் அவர் சொல்வார். நானே பாடியிருக்கலாம் என்று வாட்டர்ஸ் பிற்பாடு வருத்தப்பட்டார். வேண்டாம் சாமி, ஹார்ப்பர் குரலில் இருக்கிற அந்த எண்ணெய் தடவிய குழைவு வாட்டர்ஸுக்கு வராது.

தலைப்புப் பாட்டின் ஆரம்பத்தில் ரேடியோ மாதிரி கேட்கிறது. என் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா?

ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. 'ஹாவ் எ சிகார்' முடியும்போது முழு ஸ்டீரியோவில் இருந்த ஒலி திடீரென்று சுருங்கி, சின்ன ரேடியோவுக்குள் போய்விடும். உடனே யாரோ ஸ்டேஷன் மாற்றுகிறார்கள். கரகரப்பு, பேச்சுக் குரல், ஒரு நொடி சைகோவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனி. கடைசியில் ஒரு 12 தந்தி கிடாரில் வந்து நிற்கிறது. இதற்கான ரேடியோ சத்தத்தை கில்மரின் காரில் இருந்த ரேடியோவிலிருந்து எடுத்தார்கள். அப்புறம் இன்னொரு கிடார் சேர்கிறது, அது மட்டும் உங்கள் காதுக்குப் பக்கத்தில், தெளிவாக. அதாவது ஒரு பையன் தன் அறையில் உட்கார்ந்து ரேடியோவில் ஓடுகிற பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கிறான். அவன் இருமுவதும் மூக்கை உறிஞ்சுவதும்கூடக் கேட்கும். ஒரே அறையில் இருவர் வாசிக்கிற மாதிரி இருந்தாலும் ஒருவர் அங்கே இல்லை. ஆல்பத்தின் மொத்த விஷயமும் ஒரு வார்த்தை பாடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வரிகளில் வருகிற 'நீ' சிட்தான் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள், தவறில்லை. வாட்டர்ஸ் அந்தக் கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொண்டதாகவும் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் பெரிய வேஷம் கிடைக்கிறது என்பதற்காகக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாயா என்கிற கேள்வி, 1975இல் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கியிருந்த சிட்டை விட, கோடீஸ்வரராகியிருந்த நால்வருக்குத்தான் அதிகம் பொருந்துகிறது.

இந்தப் பாட்டில் வயலின் இருக்கிறதாமே?

இருக்கிறது, கிட்டத்தட்டக் கேட்காது. ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெலி அப்போது இன்னொரு வயலின் மேதை யெஹுதி மெனுயினோடு அதே கட்டடத்தில் பதிவில் இருந்தார். கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள், 300 பவுண்டு கொடுத்தார்கள், கலவையில் அடியில் தள்ளிவிட்டார்கள், அட்டையில் பெயரும் போடவில்லை. வயலின் தெளிவாகக் கேட்கிற வடிவம் 2011 மறுவெளியீட்டில் வந்தது. தேடிக் கேளுங்கள், அருமை.

அட்டையில் எரிகிற ஆள் நிஜமா?

நிஜமான தீ, நிஜமான ஆள். ஃபோட்டோஷாப் எல்லாம் கனவில்கூட இல்லாத காலம். ஹிப்நோசிஸ் என்ற வடிவமைப்புக் கூட்டணியின் ஸ்டார்ம் தார்கர்சன் யோசித்தது, ஆப்ரி பவல் படம் எடுத்தார். இடம் கலிஃபோர்னியாவில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ வளாகம். ரோனி ராண்டல், டேனி ராஜர்ஸ் என்று இரண்டு ஸ்டண்ட் கலைஞர்கள். ராண்டல் கோட்டுக்கு அடியில் தீத் தடுப்பு உடை, தலைக்கு உறை, அதற்கு மேல் விக். முதலில் காற்று தப்பான பக்கம் அடித்து நெருப்பு முகத்துக்கே திரும்பி மீசை கருகிவிட்டது. இருவரும் இடம் மாறி நின்று எடுத்தார்கள், பிறகு படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டார்கள்.

அர்த்தம்? சூடு பட்டுவிடுமோ என்று பயந்து மனிதர்கள் மனதை மறைத்துக்கொள்கிறார்கள். கைகுலுக்கல் இருக்கிறது, அதற்குள் ஆள் இல்லை. மற்ற படங்களும் இதே கதைதான். பாலைவனத்தில் முகமோ மணிக்கட்டோ இல்லாத வெறும் கோட்டு சூட்டு விற்பனையாளர். மோனோ ஏரியில் தலைகீழாக நீருக்குள் போன ஒருவர், ஆனால் ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை. காற்றில் பறக்கிற சிவப்புத் துணி. நெருப்பு, நிலம், நீர், காற்று என்று பூதங்கள் நான்கும் வந்துவிட்டன.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த அட்டையை அப்புறம் கறுப்பு பிளாஸ்டிக் உறையால் மூடி, கடையில் ஒருவருக்கும் தெரியாதபடி விற்றார்கள்! அட்டையும் காணாமல் போக வேண்டுமாம். அமெரிக்காவில் வெளியிட்ட கொலம்பியா கம்பெனிக்கு இது துளியும் பிடிக்கவில்லை. ஜார்ஜ் ஹார்டி வரைந்த இயந்திரக் கைகள் குலுக்கிக்கொள்கிற ஸ்டிக்கரை மேலே ஒட்டிச் சமாளித்தார்கள். உறையைக் கிழிக்க மனமில்லாமல், ஓரத்தில் மட்டும் கீறித் தட்டை வெளியே எடுத்த ரசிகர்களும் உண்டு.

இந்த ஆல்பத்தையும் ஏதாவது சினிமாவோடு சேர்த்து ஓடவிட்டால் பொருந்துமா?

அந்தப் புரளி 'டார்க் சைட்' பற்றியது, 'விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தோடு. தற்செயல் என்று குழுவினரே சொல்லிவிட்டார்கள். இதற்கு அப்படி எதுவும் இல்லை, நேரத்தை வீணாக்காதீர்கள்.

நால்வரும் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள்?

ஆல்பம் 1975 செப்டம்பர் 12 அன்று வந்து இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டிலும் முதலிடம் பிடித்தது. உள்ளே விரிசல் கூடிக்கொண்டே போய் வாட்டர்ஸ் 1985இல் விலகினார், பெயர் யாருக்கு என்று வக்கீல் வைத்துச் சண்டை. 2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 நிகழ்ச்சிக்காக நால்வரும் ஒரே மேடையில் ஏறினார்கள். தலைப்புப் பாட்டை ஆரம்பிக்கும்போது, இங்கே இல்லாத எல்லோருக்காகவும், முக்கியமாக சிட்டுக்காக என்று வாட்டர்ஸ் சொன்னார். அடுத்த வருடம் சிட், 2008இல் ரைட். அந்த நால்வர் மறுபடி சேரவில்லை.

எப்படிக் கேட்பது? அடுத்து எது?

44 நிமிடம், ஐந்து தடம், வரிசையாக. ஷஃபிளை அணைத்துவிடுங்கள். உங்கள் செயலியில் பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் ஓடவைக்கிற அமைப்பு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன ரேடியோ வேலை பாதியில் அறுந்துபோகும். பிடித்திருந்தால் அடுத்தது 1977இல் வந்த 'அனிமல்ஸ்'. கில்மர் தோற்ற அந்த வாக்கெடுப்பில் ஒதுக்கிவைத்த இரண்டு பாட்டுகளும் பெயர் மாறி அங்கே இருக்கின்றன, 'டாக்ஸ்', 'ஷீப்' என்று.